யானை ஊரில் எட்டு நாள் ஆங்கில வகுப்பு

கிருஷ்ணகிரியிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊருக்குப் போய்வந்ததைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பீர்கள். என் ஜெராக்ஸ் கடைக்குப் பாஸ்போர்ட் நகல் எடுக்க வருகிறவர்கள் எங்கெங்கோ போகிறார்கள். நான் நகலைக் கசங்காமல் கவரில் போட்டுக் கொடுப்பேன். போய்வாருங்கள் என்று சொல்ல நினைப்பேன், சொல்லமாட்டேன். ஐம்பது வயதில் நான் தனியாக வெளியூரில் தங்கியது இந்த எட்டு நாள்தான். எனக்கு அது வெளிநாடு.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே போக வேண்டும், அது போதும்.

சுமதி மிஸ் என்று ஒருவர் ஒவ்வொரு அரையாண்டு விடுமுறையிலும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு எடுப்பார். ஓர் அறக்கட்டளை செலவைப் பார்த்துக்கொள்கிறது. வகுப்புக்கான தாள்களை என் கடையில்தான் நகல் எடுப்பார். இந்த முறை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு போன் செய்தார்.

“மல்லிகாக்கா, இந்த வருஷம் நீங்க போய்ட்டு வாங்க.”

“நான் பிளஸ் டூ தானே மிஸ்.”

“எத்தனை வருஷமா அந்தத் தாளெல்லாம் உங்க கையில போவுது. தப்பு இருந்தா பென்சில்ல வட்டம் போட்டுக் குடுக்கறீங்க. எனக்குத் தெரியாதா?”

அது உண்மைதான். மிஷின் ஓடும்போது வேறு வேலை இல்லாததால் தாள்களைப் படிப்பேன். வேலை விண்ணப்பம், கோர்ட்டு மனு, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று அடுத்தவர் காகிதங்களிலிருந்து கற்றுக்கொண்ட ஆங்கிலம் என்னுடையது. படித்தால் புரியும். பேச வாய் வராது. தமிழிலேயே வராது. முடியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்ததால் சரி என்றேன்.

மாடியில் இருக்கும் அண்ணன் வீட்டில் சொல்லிக்கொண்டேன். எத்தனை நாள் என்று அண்ணி கேட்டார். எட்டு என்றேன். “அப்போ தண்ணி மோட்டாரை யார் போடறது?” என்றார்.

பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்டது தமிழில், சில்லறை இல்லையென்று திட்டியது கன்னடத்தில், டிரைவரோடு பேசியது தெலுங்கில். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் தார்ச்சாலை நெடுக ராகிக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி இறங்கினால் மணி உதிர்ந்துவிடும். துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண் எங்கள் பஸ்ஸைக் கையால் மறித்தாள்.

“ஏன்ணா, ஓரமாவே போறே? நடுவுல ஏத்துண்ணா. உன் வண்டிக்கு வலிக்குதா?”

“ஏத்தறேன். கூலி என்ன குடுப்பே?” என்றார் டிரைவர்.

“பொங்கலுக்கு வா, களி போடறேன்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே!”

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் யானைகள் சாலையைக் கடப்பதாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் பஸ் பத்து நிமிஷம் நின்றால் சண்டை வந்துவிடும். இங்கே எல்லோரும் இறங்கி வேர்க்கடலையைப் பிரித்தார்கள். கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எத்தனை போச்சு?”

“அஞ்சு.”

“போன வாரம் ஆறு இருந்துச்சே?”

“ஒண்ணுக்கு நைட் ஷிப்டா இருக்கும்.”

முக்கால் மணி நேரம் கழித்து பஸ் கிளம்பியது. யானையை நான் பார்க்கவில்லை. சாலையில் அவை விட்டுப்போன உருண்டைகளை மட்டும் பார்த்தேன். ஆவி பறந்துகொண்டிருந்தது.

நான் தங்க வேண்டிய வீடு கௌரம்மாவுடையது. சுமதி மிஸ் வழக்கமாகத் தங்கும் இடம். கௌரம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி, வாரம் ஒருமுறை வருவார். மகன் பெங்களூரில். வீட்டில் தாய்மொழி கன்னடம், என்னிடம் தமிழ்.

“நீங்கதான் டீச்சரா?” என்று கேட்டாள்.

“இல்லீங்க,” என்றேன். உடனே, “ஆமாங்க,” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். இரவுச் சாப்பாடு களியும் பிதுக்கம் பருப்புக் குழம்பும். மார்கழியில் அந்தப் பக்கமெல்லாம் அவரைக்காய்க் காலம். கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பார்கள். எங்கள் வீட்டுக் களியில் அரிசி நொய் சேர்ப்போம். இங்கே நொய் கிடையாது, முழுக்க ராகி. கையில் எடுத்தால் ஆற்றுக்கல் மாதிரி கனக்கிறது. எனக்குப் பரிமாறிவிட்டுக் கௌரம்மா மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். நான் தனியாகச் சாப்பிட்டேன். அது பழக்கம்தான். ஆனால் கன்னடத்தில் அவள் வாசலிலிருந்து, “ஊட்டா ஆயிதா?” என்று குரல் கொடுத்தபோது, சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்கிறாள் என்று புரிந்தும், பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

வகுப்பு நடப்பது மகளிர் குழுக் கட்டடத்தில். ஒரே அறை, தகரக் கதவு. பக்கத்திலேயே கௌரம்மாவின் களம். அறுத்த ராகியை அங்கே போராக அடுக்கி வைத்திருந்தாள். பொங்கல் கழித்துத்தான் அடிப்பார்களாம். ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. “இது எங்களுக்கு வருஷத்துக்கும் சாப்பாடு,” என்று கோயிலைக் காட்டுகிற மாதிரி காட்டினாள்.

பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள், சிலர் தெலுங்கு, நான்கு பேர் தமிழ், ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேர். ஒன்பது மணிவரை மூடுபனி. ஸ்வெட்டரும் குல்லாயுமாக உட்கார்ந்து வாயிலிருந்து புகைவிட்டு விளையாடினார்கள்.

சுமதி மிஸ் கொடுத்த தாள் கட்டு, ஏதோ குளிர் நாட்டு ஆசிரியர்கள் தயாரித்தது. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கான குளிர்கால விடுமுறைச் செயல்பாடுகள். முதல் தாளில் பனி மனிதன் ஒருவன் இருந்தான். அவனுக்குத் தொப்பியும் கையுறையும் வரைந்து, பக்கத்தில் ஆங்கிலப் பெயரை எழுத வேண்டும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியே பாடம் நடத்தினேன். பிள்ளைகளைப் பார்த்துப் பேசப் பயம்.

“டீச்சர்,” என்றாள் ஒருத்தி. “இவ்ளோ துணி போட்டா அவன் உருகிட மாட்டானா?”

அவள் பெயர் நாகவேணி. ஏழாம் வகுப்பு. யாரோ பெரியவருடைய ஸ்வெட்டரைக் கை மடித்துப் போட்டிருந்தாள். அன்றிலிருந்து எந்தக் கேள்விக்கும் அவளிடம் யானை வைத்த பதில் ஒன்று தயாராக இருக்கும். குளிர்காலத்தில் நீ விரும்பிச் சாப்பிடுவது எது என்று தாளில் கேட்டிருந்தால், “யானை மிச்சம் வெச்சது,” என்பாள். குளிர்காலத்தில் உன் ஊரில் கேட்கும் சத்தம்? “யானைக்கு வெடிக்கிற வெடி, டீச்சர். அப்புறம் எங்க அப்பா கத்தறது.” பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் மெல்லத் திரும்பி நின்று பாடம் நடத்தத் தொடங்கினேன். சிரிக்கிற முகங்களைப் பார்க்கப் பயம் குறைவு.

மூன்றாம் நாள் கடிதம். குளிர்கால இரவில் உன் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுது என்று போட்டு, சிவப்புக் குல்லாய் கிறிஸ்துமஸ் தாத்தா புகைக்கூண்டில் இறங்குகிற படம் இருந்தது. எல்லோரும் சைக்கிள், போன் என்று கேட்டு எழுதினார்கள். நாகவேணி எழுதியது இப்படி: “அன்புள்ள யானைக்கு. நலமா? எங்கள் நிலத்துக்கு வராதே. தயவுசெய்து கர்நாடகாவுக்குப் போ.”

அவள் சத்தமாக வாசித்ததும் ஒருவன் எழுந்தான். “டீச்சர், அங்கதான் எங்க மாமா நிலம் இருக்குது!”

“அப்போ ஆந்திராவுக்குப் போவட்டும்,” என்றாள்.

தெலுங்குப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யானையை எங்கே அனுப்புவது என்று மூன்று மொழியில் சண்டை நடந்தது. கடைசியில், இந்தத் தாளை அச்சடித்த ஊருக்கே போகட்டும் என்று முடிவாயிற்று. நான் வாய்விட்டுச் சிரித்தேன். மூடிக்கொள்ளவில்லை.

போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டி அருகில் மட்டும்தான் கிடைக்கும். சாயங்காலம் அங்கே போய் நிற்பேன். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் போவேன். அன்று போகவில்லை.

நான்காம் நாள் சீட்டுக் குலுக்கினோம். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாக ஒரு பரிசு. கடையில் வாங்கக் கூடாது, வீட்டிலோ தோட்டத்திலோ இருப்பதைப் பொட்டலம் கட்டி, மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வர வேண்டும். தாளில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: பரிசுகளைக் கடைசி நாள் வரை கிறிஸ்துமஸ் மரத்தடியிலேயே வைத்திருக்கவும். காத்திருக்கும் நாட்களில் என்ன பரிசாக இருக்கும் என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஊகித்துப் பேசுவார்களாம். மரத்துக்குச் சில்வர் ஓக் கிளை ஒன்றை வெட்டி மணல் வாளியில் நட்டோம். காகிதப் பூ ஒட்டினோம்.

மறுநாள் பதினெட்டுப் பொட்டலங்கள் வந்தன. செய்தித்தாளில் சுற்றியிருந்தாலும் வாசனை சொல்லிவிட்டது. வெல்லம், கொய்யா, வாழைப்பழம், ராகி உருண்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கரும்புத் துண்டுகள் மட்டும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் கிளையின் அடியில் அடுக்கினேன்.

“டீச்சர், இங்க வெச்சா யானை வரும்,” என்றாள் நாகவேணி.

வகுப்பு சிரித்தது.

“வந்தா அதும் பேரையும் ஒரு சீட்டுல எழுதிப் போட்டுடலாம்,” என்றேன்.

ஒரு கூட்டத்தின் நடுவில் நான் சொன்ன முதல் நகைச்சுவை அது. பதினேழு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாகவேணி சிரிக்கவில்லை. “நெஜமா டீச்சர்,” என்றாள். வாரம் முழுவதும் யானை யானை என்று விளையாடிய பெண். இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். எனக்கு எலியும் எறும்பும்தான் நினைவில் இருந்தன. பொட்டலங்களைச் சுற்றி எறும்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். வீட்டுக்கு நடக்கையில் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு போனேன்.

காதை மூடிய குல்லாயோடு தூங்கியதால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. விடிந்து வெளியே வந்தபோது களத்தில் ஊரே நின்றது. போர் இல்லை. சிதறி, மிதிபட்டு, பனி ஈரத்தில் மண்ணோடு குழைந்து கிடந்தது. கௌரம்மா அதன் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அழவில்லை. யாரோ கால் வைக்கப் போனபோது மட்டும், “மிதிக்காதே!” என்று கத்தினாள்.

மகளிர் குழுக் கட்டடத்தின் தகரக் கதவு உள்பக்கமாக மடிந்திருந்தது. அதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. போரைக் கலைத்த யானை கதவையும் ஒரு முட்டு முட்டியிருக்கிறது என்று நினைத்தார்கள். நான் உள்ளே போனேன். வாளி கவிழ்ந்து கிடந்தது. பொட்டலம் ஒன்றுகூட இல்லை. சப்பிய கரும்பும் கிழிந்த காகிதமும் எறும்புப் பொடியும்தான் இருந்தன. ஊருக்குப் பின்னால் இருக்கும் ஏரிப் பக்கமிருந்து கதவுக்கு வந்த தடமும், கதவிலிருந்து நேரே களத்துக்குப் போகும் தடமும் முறம் அளவுக்கு இருந்தன. முதலில் இங்கே வந்திருக்கிறது. தின்றுவிட்டுத் திரும்பும்போதுதான் போரைப் பார்த்திருக்கிறது.

துடைப்பத்தை எடுத்து எல்லாவற்றையும் கூட்டி ஒரு சாக்கில் போட்டேன். காலையில் அறையைக் கூட்டுகிற பழக்கத்தால் செய்தேனா, மறைக்கத்தான் செய்தேனா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெளியே வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் ராகி வீடு சேரும்வரை இரவுக் காவலுக்கு முறை உண்டு. வீட்டுக்கு ஓர் இரவு. காட்டு ஓரத்துப் பரணில் விழித்திருந்து, யானை வந்தால் தகரம் தட்டி ஊரை எழுப்ப வேண்டும். அன்று முறை நாகவேணியின் அப்பா வெங்கடப்பாவுக்கு. பகலெல்லாம் ரோஜாப் பண்ணையில் மருந்தடிக்கிற ஒல்லியான மனிதர்.

“தூங்கிட்டே இல்ல?” என்றாள் கௌரம்மா.

“இல்லக்கா. கண்ணை மூடவே இல்ல.”

“மூடாத கண்ணுக்கு யானை தெரியலையா? அது என்ன, கொசுவா?”

“இந்தப் பக்கமா வரலக்கா. வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“ஏன், பஸ்ஸுல வந்து இறங்குச்சா?”

கூட்டம் சிரித்தது. காவலில் தூங்கிய வீடு பொங்கல்வரை தனியாகக் காவல் காக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். மற்ற வீடுகளின் முறையும் அந்த வீட்டின் தலையில். பரணுக்கு யாரும் துணைக்குப் போக மாட்டார்கள், டீகூடக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்கள். அதையெல்லாம் அங்கேயே சொல்லி முடித்தார்கள். ஏரிப் பக்கமிருந்து, வெல்ல வாசனையைப் பிடித்துக்கொண்டு, பரண் இருக்கும் திசைக்கே போகாமல் யானை வந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகள் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வகுப்பைப் பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாற்றியபோது அது எனக்கே புரிந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தான் கொண்டுவந்த பொட்டலத்துக்காகத்தான் யானை வந்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைத்துக்கொண்டிருந்தது. அடி விழும் என்ற பயம். பதினெட்டு வாய்களை நான் என் வாய்க்குத் துணையாக வைத்துக்கொண்டேன்.

நாகவேணி வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்தாள். குளிர்காலத்தில் வரும் விலங்கின் பெயர் சொல் என்று கேட்டேன். “முயல்,” என்றாள்.

மத்தியானம் கௌரம்மா களியில் நெய் ஊற்றினாள். போதும் என்றேன். “இருக்கும்போதே சாப்பிடுங்க டீச்சரம்மா. அடுத்த வருஷம் வந்தா ரேஷன் அரிசிதான்,” என்று சிரித்தாள். அவள் சிரித்ததால் அந்தக் களியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். சுமதி மிஸ் போன் வந்தது.

“எல்லாம் நல்லபடியாப் போவுதா மல்லிகாக்கா?”

“போகுது மிஸ்.”

“பிள்ளைங்க படுத்தறாங்களா?”

“இல்ல மிஸ்.”

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஏழாம் நாள் காலை, மூடுபனிக்குள்ளிருந்து வெங்கடப்பா வந்தார். பரணிலிருந்து நேராகப் பண்ணை வேனுக்குப் போகிறார். சாலை ஓரம் நின்றவர் நின்றபடியே கண் அசந்து, பிறகு திடுக்கிட்டு விழித்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும், “வணக்கம் டீச்சர்,” என்றார்.

அன்று கடைசிச் செயல்பாடு. இந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியம். மறுநாள் பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும். அறக்கட்டளையிலிருந்தும் ஒருவர் வருவார். நோட்டுகளை வாங்கித் திருத்தினேன். பனி மனிதன், காகிதப் பூ, மாமா வந்தது என்று எழுதியிருந்தார்கள். நாகவேணி நோட்டில் இருந்தது இது:

“யானை எங்கள் ஊருக்கு வந்தது. கரும்புக்கும் வெல்லத்துக்கும் வந்தது. டீச்சர் பரிசுகளை அறையில் வைத்தார். வேண்டாம் என்று நான் டீச்சரிடம் சொன்னேன். என் அப்பா தூங்கவில்லை.”

கடைசி வரியில் ஒரு பிழை இருந்தது. சிவப்புப் பேனாவால் அதைத் திருத்தினேன். வேறு எதையும் தொடவில்லை. வேறு ஏதாவது எழுதேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நோட்டை மூடிக் கொடுத்தேன். கன்னடத்தில் சொன்னால் ஊர் அவளைச் சின்னப்பெண் என்று அதட்டும். தமிழில் சொன்னாலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

எட்டாம் நாள் வராந்தா நிறைந்துவிட்டது. அறக்கட்டளைப் பெண் புனேயிலிருந்து வந்தவர். அவருக்கு ஆங்கிலமும் இந்தியும்தான். பெற்றோருக்கு மற்ற மூன்றும். கௌரம்மா முன்வரிசையில், டீச்சர் தன் வீட்டு விருந்தாளி என்ற பெருமையோடு உட்கார்ந்திருந்தாள். வெங்கடப்பா தூணோரம், யாரும் பக்கத்தில் இல்லாமல்.

நாகவேணி நோட்டைப் பார்க்காமலே ஐந்து வாக்கியத்தையும் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். புனேக்காரர் கைதட்டி, அருமையான கதை என்றார். பெற்றோரும் தட்டினார்கள். கௌரம்மா தட்டவில்லை. அவளுக்கு இரண்டு வார்த்தை தெரிந்துவிட்டது.

“எலிஃபென்ட்டுன்னு சொன்னா. டீச்சர்னு சொன்னா. என்ன சொல்றா டீச்சரம்மா? எங்க களத்துக்கு வந்ததையா?”

நான் எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். நாகவேணி இன்னும் உட்காரவில்லை.

“யானை எங்கள் ஊருக்கு வந்தது,” என்றேன் தமிழில். “கரும்புக்கும் வெல்லத்துக்கும் வந்தது.”

“என்ன கரும்பு?” என்று யாரோ கேட்டார்கள்.

மூன்றாவது வாக்கியத்தில் டீச்சர் என்று இருந்தது. நான் அதை மாற்றிச் சொன்னேன்.

“பரிசுகளை நான்தான் அறையில் வைத்தேன். பதினெட்டுப் பொட்டலம். பிள்ளைங்க மேல தப்பு இல்ல, கொண்டுவரச் சொன்னதும் நான்தான். வேண்டாம்னு இவ ரெண்டு தடவை சொன்னா. நான் சிரிச்சேன். யானை மொதல்ல அந்த அறைக்குத்தான் வந்துச்சு. ஏரிப் பக்கமா வந்துச்சு. காலையில நான் கூட்டி அள்ளிட்டேன்.” நாகவேணியின் பக்கம் திரும்பினேன். “இன்னும் ஒரு வரி இருக்கு. என் அப்பா தூங்கவில்லை.”

புனேக்காரர் என்ன என்ன என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். தூணோரத்திலிருந்து வெங்கடப்பாவின் குரல் வந்தது.

“அப்போ நான் தூங்கல, இல்ல?” என்றார். “எல்லாரும் சொல்லிச் சொல்லி, தூங்கித்தான் போயிட்டேனோன்னு நானே நம்பிட்டேன்.”

ஒருவர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்றைக்கு என் முறை, நீ வீட்டுக்குப் போய்ப் படு என்றார் இன்னொருவர். கௌரம்மா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று இரவுச் சாப்பாடு என் அறை வாசலில் மூடி வைக்கப்பட்டிருந்தது. சாப்பாடு ஆயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆகவில்லை என்று சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிற்கும் இடத்துக்குக் களத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கௌரம்மா மண்ணில் குத்தவைத்து, மிதிபட்ட கதிர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். அருகில் போனதும் அது வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன்.

“எங்க போறே?” என்றாள்.

எட்டு நாளும் டீச்சரம்மா, வாங்க, சாப்பிடுங்க என்று பேசியவள்.

“ஊருக்கு.”

“இங்க பாதி மண்ணு, பாதி ராகி. இதை யாரு பொறுக்குவாங்க? யானையா?”

பையைக் கீழே வைத்தேன். அவள் ஒரு சாக்கை உதறி என் பக்கம் விரித்தாள். உட்கார்ந்தேன். கதிரைக் கையில் எடுத்து மண்ணை உதறி, நல்லதை இடப்புறமும் கெட்டதை வலப்புறமும் போட வேண்டும். ஈரத்தில் விரல் மரத்துப்போனது. பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, போய்விட்டது. இரண்டு பேரும் நிமிரவில்லை.

வெகுநேரம் கழித்து, வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “பேரு என்ன சொன்னே, மல்லிகாவா?”

“ஆமா.”

“ஊர்ல யாராவது காத்துட்டு இருக்காங்களா?”

தண்ணி மோட்டார் நினைவுக்கு வந்தது. “இல்ல,” என்றேன்.

“அப்போ என்ன அவசரம்? மெதுவாப் பொறுக்கு,” என்றாள் கௌரம்மா. “ஒரு கதிரு கூட விடாதே.”